மார்ச் 2, 1972: பிக்கரிங் பண்ணைகளில் தொடங்கிய காத்திருப்பு

பிக்கரிங்கில் வசிக்கும் நாங்கள் பெரும்பாலும் ஊரின் தெற்குப் பக்கத்தைத்தான் அறிந்திருக்கிறோம். ஏரிக்கரை, அணுமின் நிலையம், 401 நெடுஞ்சாலை, கடைத்தொகுதி, ஆலயம், வீடு. இவ்வளவுக்குள் எங்கள் வாரம் முடிந்துவிடும். புரொக் வீதியில் வடக்கே ஏறி, டோன்ரன் வீதியையும் 407ஐயும் தாண்டினால் ஊரே மாறிவிடுகிறது. சோள வயல், சோயா வயல், பழைய மரக் களஞ்சியங்கள், தூரத்தில் ஒரு தானியக் கோபுரம். இடையிடையே யன்னல்களுக்குப் பலகை அடித்து மூடிய வீடுகள். சில இடங்களில் வீடே இல்லை. வீட்டுக்குப் போகும் பாதையும், வாசலில் யாரோ நட்ட லைலாக் செடியும் மட்டும் மிஞ்சி நிற்கின்றன.

எங்கள் வாலிபர் ஐக்கியத்தில் பலர் இந்தப் பாதையால் அப்பிள் பறிக்கவும் பூசணிக்காய் வாங்கவும் போயிருக்கிறோம். அந்த வீடுகளைப் பார்த்து, 'யாரோ விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்' என்று நினைத்துக்கொண்டோமே தவிர, யார் என்று கேட்டதில்லை. இந்த இதழுக்காகத் தேடத் தொடங்கியபோதுதான், அவர்களில் பலர் தாமாக விரும்பிப் போகவில்லை என்பது தெரிந்தது.

1972 மார்ச் 2, வியாழக்கிழமை. பியேர் ட்ரூடோவின் மத்திய அரசு அன்று ஓர் அறிவிப்பை வெளியிட்டது. ரொறன்ரோவுக்கு இரண்டாவது சர்வதேச விமான நிலையம் ஒன்று வரப்போகிறது; இடம் பிக்கரிங்கின் வடக்கும் அதை ஒட்டிய மார்க்கம், அக்ஸ்பிரிட்ஜ் பகுதிகளும்; தேவைப்படும் நிலம் 18,600 ஏக்கர். எங்கள் பெற்றோருக்கு விளங்கும் கணக்கில் சொன்னால், ஓர் ஏக்கருக்குப் பதினாறு பரப்புப்படி ஏறக்குறைய மூன்று லட்சம் பரப்புக் காணி. அதே நாளில் ஒன்ராறியோ மாகாண அரசும், விமான நிலையத்துக்குத் தெற்கே பெரிய புதிய நகரம் ஒன்றை அமைக்கப் போவதாக அறிவித்தது. அதற்கும் காணி எடுக்கப்பட்டது. ஆக ஒரே நாளில் வடக்குப் பிக்கரிங்கின் பெரும்பகுதி இரண்டு அரசுகளின் வரைபடங்களுக்குள் அகப்பட்டுக்கொண்டது.

அங்கே இருந்தவர்கள் யார்? எல்லோரும் கமக்காரர் அல்லர். நகரத்துக்கு வேலைக்குப் போய் வந்தவர்களும், ஓய்வு பெற்றுக் கிராமத்துக்கு வந்து குடியேறியவர்களும் இருந்தார்கள். ஆனால் ஊரின் முதுகெலும்பு பண்ணைக் குடும்பங்கள்தான். பிரௌம், அல்ற்றோனா போன்ற சிறு கிராமங்களைச் சுற்றி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே பென்சில்வேனியாவிலிருந்து வந்த மெனனைற்றுகளும், குவேக்கர்களும், பிரித்தானியாவிலிருந்து வந்தவர்களும் காடு வெட்டி நிலம் திருத்தியிருந்தார்கள். அல்ற்றோனாவில் 1852இல் கட்டிய மெனனைற்று ஆராதனை வீடும் விமான நிலையக் காணிக்குள் அகப்பட்டது.

இன்னும் பின்னோக்கிப் போனால், அவர்களும் முதல் கமக்காரர் அல்லர். விமான நிலையத்துக்காக நிலத்தைத் தோண்டுமுன் தொல்லியலாளர் ஆராய வேண்டியிருந்தது. டஃபின்ஸ் ஓடைக் கரையில் டிரேப்பர் என்று பெயரிடப்பட்ட இடத்தில் 1970களில் அவர்கள் தோண்டியபோது வெளிப்பட்டது வெண்டாற் மக்களின் பெரிய கிராமம் ஒன்று. நீள்வீடுகள், அவற்றைச் சுற்றி மர வேலி. ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் அந்த மக்கள் அதே மண்ணில் சோளமும் அவரையும் பூசணியும் பயிரிட்டு உண்டிருக்கிறார்கள். பறிபோன காணியைப் பற்றி எழுதும்போது, அதற்கு முன்னரும் ஒரு கை மாறியிருக்கிறது என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது.

மார்ச் மாதத்தின் தொடக்கம் ஒன்ராறியோப் பண்ணையில் எப்படிப்பட்ட காலம் என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அந்த வியாழக்கிழமையின் கனம் விளங்கும். அக்காலத்தில் இங்கே ஒரு சிறு பண்ணை என்றால் நூறு ஏக்கரளவு. ஊரைப் பழைய நில அளவையாளர் அப்படித்தான் கோடு போட்டுப் பிரித்திருந்தார்கள்: இருநூறு ஏக்கர் ஒரு பங்கு, அதில் பாதி ஒரு குடும்பத்துக்கு. யாழ்ப்பாணத்தில் பத்துப் பரப்பை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் பிழைத்ததைக் கண்டவர்களுக்கு இதைச் சிறு பண்ணை என்று சொன்னால் சிரிப்புத்தான் வரும். ஆனால் இங்கே ஆண்டில் பல மாதம் நிலம் உறைந்து கிடக்கும். அந்த மாதங்களிலும் மாடு சாப்பிட வேண்டும்.

பால் பண்ணையில் நாள் இருட்டோடு தொடங்கும். காலையும் மாலையும், ஞாயிறும் கிறிஸ்மசும் என்று பாராமல், கறந்தே ஆகவேண்டும். பால் குளிரூட்டிய தொட்டிக்குள் போகும். பால் வண்டி வந்து எடுத்துச் செல்லும். கொட்டிலிலிருந்து சாணம் அள்ள வேண்டும். மார்ச்சில் கன்றுகள் பிறக்கும். மேல்தட்டில் அடுக்கியிருக்கும் வைக்கோலும் உலர் புல்லும் மே மாதம் புதுப்புல் வரும்வரை காணுமா என்று நிமிர்ந்து பார்த்துக் கணக்குப் போட வேண்டும். இரவில் உறைந்து பகலில் உருகும் அந்தச் சில வாரங்களில்தான் மேப்பிள் மரத்தில் நீர் இறங்கும். வாளி கட்டி, நீரைச் சேர்த்து, விறகு போட்டுக் காய்ச்ச வேண்டும். நாற்பது லீற்றர் நீர் வற்றினால் ஒரு லீற்றர் பாகு. அதற்கு நடுவே வசந்த காலத்துக்கு விதை வாங்க வேண்டும், உழவு இயந்திரத்தைத் திருத்த வேண்டும், உறைபனி தூக்கிவிட்ட வேலித் தூண்களை மீண்டும் அறைய வேண்டும்.

இப்படிப்பட்ட ஒரு வீட்டில் இருந்தவர்களுக்குத்தான் அன்று வானொலியிலும் அயலவர் வாயிலாகவும் செய்தி வந்தது. மறுநாள் காலையில் மாடு கறக்காமல் விட முடியுமா? முடியாது. இந்த வரலாற்றைத் தேடும்போது எங்கள் மனதில் நின்றது இதுதான். பெரும் கவலை வந்தாலும் பண்ணை ஒரு நாள் லீவு தராது. காணி போகப் போகிறது என்று தெரிந்தும் அதே காணியில் ஏப்ரலில் ஓட்ஸ் விதைத்தார்கள், மேயில் சோளம் போட்டார்கள், ஜூனில் முதல் புல் வெட்டினார்கள்.

என்றாலும் எல்லா வேலையும் ஒரே மாதிரி அல்ல. பண்ணைக்குள் பல கடிகாரங்கள் ஓடுகின்றன. பால் என்பது அன்றைய கணக்கு. ஓட்ஸ் ஒரு பருவத்தின் கணக்கு. குளிர்காலக் கோதுமையைச் செப்டெம்பரில் விதைத்தால் அடுத்த ஜூலையில்தான் அறுவடை. அல்பல்பா என்னும் தீவனப் பயிரை ஒருமுறை போட்டால் மூன்று நான்கு ஆண்டுகள் வெட்டலாம். அதன் வேர் நிலத்துக்கு உரத்தையும் சேர்க்கும். ஆனால் முழுப் பயன் இரண்டாம் ஆண்டிலிருந்துதான். இன்று பிறக்கும் பெண் கன்று பால் தர இரண்டு ஆண்டு செல்லும். அப்பிள் மரம் காய்க்க அதைவிடக் கூடிய காலம் வேண்டும். நிலத்துக்கடியில் வடிகால் குழாய் பதிப்பதற்குப் பெரும் காசு வேண்டும். அதைப் பதிப்பவர் அடுத்த தலைமுறையையும் மனதில் வைத்துத்தான் பதிப்பார்.

காணி இருக்குமா போகுமா என்று தெரியாதபோது முதலில் நின்றுபோவது இந்த நீண்ட கணக்குகள்தான். கூரை ஒழுகுகிறது, மாற்றுவதா, தார்ப்பாயைப் போட்டு இந்த ஆண்டைச் சமாளிப்பதா? களஞ்சியத்துக்கு வர்ணம் பூசுவதா? மகன் பண்ணையைத் தொடர விரும்புகிறான். அவனை விவசாயக் கல்லூரிக்கு அனுப்புவதா, வேறு வேலை பார்க்கச் சொல்வதா? இரவுச் சாப்பாட்டு மேசையில் பேசப்பட்டவை இப்படிப்பட்ட கேள்விகளாகத்தான் இருந்திருக்கும்.

அவர்கள் பேசாமல் இருந்துவிடவும் இல்லை. 'மக்களா விமானங்களா' என்ற பொருளில் 'பீப்பிள் ஓர் பிளேன்ஸ்' என்ற இயக்கம் உடனேயே உருவானது. அதற்குத் தலைமை தாங்கியவர் சார்ள்ஸ் கோட்ஃப்ரே என்ற மருத்துவர். கூட்டம் கூடினார்கள், ஊர்வலம் போனார்கள், நிபுணர்களைப் பிடித்து அரசின் கணக்குகளைத் திரும்பப் பார்த்தார்கள். விமானப் பயணிகள் இவ்வளவு வேகத்தில் பெருகுவார்கள் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டார்கள். மால்ற்றனில் ஏற்கெனவே இருந்த விமான நிலையத்தை, இன்றைய பியர்சனை, ஏன் விரிவாக்கக்கூடாது என்றும் கேட்டார்கள். அதற்கும் ஒரு கதை உண்டு. இரைச்சலைத் தாங்க முடியாமல் மால்ற்றன் பக்கத்து மக்கள் விரிவாக்கத்தை எதிர்த்திருந்தார்கள். அந்த எதிர்ப்பும் சேர்ந்துதான் திட்டத்தைக் கிழக்கே தள்ளியது. ஓர் ஊரின் நிம்மதி இன்னோர் ஊரின் கவலையாக மாறிய கதை என்றும் இதைச் சொல்லலாம்.

சட்டப்படி விசாரணைகள் நடந்தன. ஆட்சேபங்கள் பதியப்பட்டன. ஆனாலும் காணி மத்திய அரசின் பெயருக்கு மாறியது. இழப்பீடு கொடுக்கப்பட்டது, அது போதுமா என்ற வழக்காடலும் நடந்தது. பிறகு வந்ததுதான் இந்தக் கதையின் விசித்திரமான பகுதி. விமான நிலையம் கட்டத் தொடங்கும்வரை நிலம் சும்மா கிடக்கக்கூடாது என்பதால், பலர் தங்கள் சொந்தக் காணியையே அரசிடமிருந்து குத்தகைக்கு எடுத்தார்கள். தாத்தா கட்டிய வீட்டுக்கு மாத வாடகை. அப்பா திருத்திய வயலுக்கு ஆண்டுக் குத்தகை.

1975 செப்டெம்பரில் காற்றுத் திசை மாறியது. அம்மாதம் 18ஆம் தேதி நடந்த மாகாணத் தேர்தலில் பில் டேவிசின் அரசு பெரும்பான்மையை இழந்தது. எங்கள் பக்கத்து டர்ஹம் மேற்குத் தொகுதியில் வென்றவர் அதே மருத்துவர் கோட்ஃப்ரே. சில நாட்களுக்குள், விமான நிலையத்துக்கு வேண்டிய வீதிகளையும் நீரையும் கழிவுநீர்க் குழாய்களையும் தாங்கள் கொடுக்கப் போவதில்லை என்று மாகாண அரசு அறிவித்தது. அவை இல்லாமல் மத்திய அரசால் ஒன்றும் செய்ய முடியவில்லை. திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது.

நிறுத்திவைக்கப்பட்டது, கைவிடப்படவில்லை. இந்த இரண்டு சொற்களுக்கும் இடையே இருந்த தூரம் ஏறக்குறைய ஐம்பது ஆண்டு.

அதே ஆண்டு ஒக்டோபரில் மொன்றியலுக்கு அருகே மிராபெல் விமான நிலையம் திறக்கப்பட்டது. அங்கே 1969இல் எடுத்த காணி 97,000 ஏக்கர். பிக்கரிங்கைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல். அங்கும் பிரெஞ்சு மொழி பேசும் பண்ணைக் குடும்பங்கள் கண்ணீரோடு வெளியேறின. எதிர்பார்த்த பயணிகள் வரவேயில்லை. 1980களில் மிகப் பெரும்பகுதி நிலம் பழைய உரிமையாளருக்குத் திரும்ப விற்கப்பட்டது. 2004இல் பயணிகள் விமானங்கள் அங்கிருந்து நின்றன. பின்னர் அந்தப் பெரிய பயணிகள் கட்டடத்தையே இடித்துவிட்டார்கள். பிக்கரிங் மக்கள் மிராபெலைக் காட்டி, 'நாங்கள் சொன்னது இதைத்தான்' என்று சொன்னதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் மிராபெல் கமக்காரருக்குக் காணி திரும்பிவந்தது. விமானம் ஒன்றுகூட இறங்காத பிக்கரிங்கில் மத்திய அரசு எடுத்த காணி திரும்பவில்லை.

ஓராண்டுக் குத்தகை ஒரு நிலத்தை என்ன செய்யும் என்பதை எங்களில் விவசாயம் தெரியாதவர்களும் யோசித்துப் பார்க்கலாம். அடுத்த ஆண்டு நிலம் கையில் இருக்குமா என்று தெரியாதவர் அல்பல்பா போடமாட்டார். அப்பிள் நடமாட்டார். வடிகால் பதிக்கமாட்டார். இந்த ஆண்டு விதைத்து இந்த ஆண்டே விற்கக்கூடிய சோளத்தையும் சோயாவையும் போடுவார். மாடு வளர்ப்பதென்றால் கொட்டிலும் வேலியும் திருத்த வேண்டும். ஆகவே மாடு போய்விடும். மாடு போனால் சாணமும் போய்விடும். இதில் கமக்காரரின் குற்றம் எதுவும் இல்லை. கனடாவின் மண் வகைப்பாட்டில் முதலாம் தரம் என்று குறிக்கப்பட்ட நிலம், நூறு ஆண்டுக் கணக்கில் யோசித்தவர்களின் கையிலிருந்து பன்னிரண்டு மாதக் கணக்கில் யோசிக்க வேண்டியவர்களின் கைக்குப் போனது.

வீடுகள் அதைவிட வேகமாகப் போயின. ஒரு குடும்பம் வெளியேறியதும் பலகை அடிப்பார்கள். சில ஆண்டில் கூரை இறங்கும். பிறகு பாதுகாப்பில்லை என்று இடிப்பார்கள். வீடு குறைந்தால் பள்ளிக்குப் பிள்ளை குறையும், கடைக்கு ஆள் குறையும், ஆலயத்தில் ஆசனம் வெறுமையாகும். ஒரு நாளில் யாரும் துரத்தவில்லை. ஐம்பது ஆண்டில் ஊர் கரைந்தது.

இந்த இடத்தில் எங்கள் வீடுகளிலுள்ள பெரியவர்களின் நினைவு வேறெங்கோ போகும் என்பது எங்களுக்குத் தெரியும். வலிகாமம் வடக்கு. அங்கும் விமான நிலையம், அங்கும் நல்ல தோட்டக் காணி. பலாலியைச் சுற்றி வசாவிளான், கட்டுவன், தெல்லிப்பழை, மயிலிட்டி என்று செம்மண் பூமி. வெங்காயமும் புகையிலையும் வாழையும் உருளைக்கிழங்கும் விளைந்த மண். 1816இல் அமெரிக்க மிஷனரிமார் வந்து பள்ளியும் ஆலயமும் தொடங்கிய தெல்லிப்பழை என்பதால் எங்களைப் போன்ற புரொட்டஸ்தாந்து குடும்பங்கள் பலவற்றுக்கு அது வேர் ஊர். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது அந்தச் சனம் உடுத்த உடுப்போடு ஓடியது. பிறகு அந்த நிலம் உயர் பாதுகாப்பு வலயம் ஆனது. போர் முடிந்து நான்கு ஆண்டு கழித்து, 2013இல், 6,381 ஏக்கரைச் சட்டப்படியே எடுத்துக்கொள்ளப் போவதாக அறிவித்தல் ஒட்டினார்கள். 2015இலிருந்து அந்தக் காணியைத் துண்டு துண்டாக விட்டார்கள். 2019 ஒக்டோபரில் பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது.

இரண்டையும் ஒன்று என்று நாங்கள் சொல்ல வரவில்லை. பிக்கரிங்கில் குண்டு விழவில்லை. கமக்காரருக்கு வழக்குப் போட ஒரு நீதிமன்றமும், வாக்குப் போட ஒரு தேர்தலும், குறைவென்றாலும் ஓர் இழப்பீடும் இருந்தன. வலிகாமம் வடக்கில் முகாம் இருந்தது. தன் தோட்டத்தில் நான்கு பேருக்கு வேலை கொடுத்தவர் இன்னொருவர் தோட்டத்தில் கூலிக்கு வெங்காயம் நட்டார். என்றாலும் இரு இடத்தாரும் ஒன்றை ஒரே மாதிரி அறிந்திருந்தார்கள்: காணி கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது, அது தன்னுடையதா இல்லையா என்று சொல்ல முடியவில்லை.

ஓடும்போது எங்கள் சனம் எதை எடுத்துக்கொண்டு ஓடியது? பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், நகை இருந்தால் நகை, காணி உறுதி. பொலித்தீன் பையில் சுற்றிய அந்த உறுதி முகாம் முகாமாகப் போய், சில வேளை கடல் கடந்து ஸ்காபரோ அடுக்குமாடி ஒன்றின் அலுமாரிக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. எங்கள் வேதபாட வகுப்பில் எரேமியா 32ஆம் அதிகாரத்தை வாசித்தபோது ஒரு தங்கச்சி சட்டென்று, 'இது அம்மம்மா செய்த வேலைதானே' என்றார். பாபிலோனியப் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கும்போது, சிறைக்காவலில் இருந்த தீர்க்கதரிசி ஆனதோத்தில் ஒரு வயலைப் பதினேழு சேக்கல் நிறை வெள்ளிக்கு வாங்குகிறார். சாட்சி வைத்து, முத்திரை போட்டு, உறுதியை நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். கணக்குத் தெரிந்த எவரும் அந்த நேரத்தில் அந்த வயலை வாங்கியிருக்கமாட்டார்.

பிக்கரிங் கதைக்குத் திரும்புவோம். 1975க்குப் பிறகும் விமான நிலையம் சாகவில்லை. சில ஆண்டுக்கு ஒருமுறை புதிய ஆய்வு, புதிய வரைபடம். எங்கள் பெற்றோர் 1980களின் பிற்பகுதியிலும் 90களிலும் கனடாவுக்கு வந்து, பிறகு பிக்கரிங்கில் வீடு வாங்கியபோது இது ஏற்கெனவே பழைய செய்தி. 2005இல் புதிய தலைமுறை எதிர்ப்பாளர் 'லாண்ட் ஓவர் லாண்டிங்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 2013 ஜூனில் நிதியமைச்சர் ஜிம் ஃபிளகேர்ட்டி, காணியின் ஒரு பகுதியில் விமான நிலையம் கட்டப்படும், இன்னொரு பகுதி ரூஜ் பூங்காவுக்குப் போகும் என்று அறிவித்தார். 2015இல் ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா சட்டப்படி உருவானது. அதற்குள் போன பண்ணைகளுக்கு ஒரு நல்லது நடந்தது: முப்பது ஆண்டுவரை குத்தகை பெற வழி பிறந்தது. முப்பது ஆண்டு என்றால் அப்பிள் நடலாம், கூரை மாற்றலாம்.

மிஞ்சிய நிலத்தில் காத்திருப்புத் தொடர்ந்தது. தெற்கு ஒன்ராறியோவுக்கு 2036க்கு முன் இன்னொரு விமான நிலையம் தேவைப்படாது என்று 2020இல் வெளியான ஆய்வு ஒன்று சொன்னது. கடைசியில் 2025 ஜனவரி 27, திங்கட்கிழமை, அப்போதைய போக்குவரத்து அமைச்சர் அனிதா ஆனந்த் பிக்கரிங் காணியில் விமான நிலையம் கட்டப்படாது என்று அறிவித்தார். அந்தக் காணியைப் பார்க்ஸ் கனடாவிடம் ஒப்படைப்பது பற்றிக் கலந்தாலோசனை நடக்கும் என்றும் சொல்லப்பட்டது. ஐம்பத்து மூன்று ஆண்டு நிறைய ஐந்து வாரம் இருந்தது. ஒரு சிறு குறிப்பு: அமைச்சரின் தந்தை தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்.

மாகாணம் எடுத்த காணி என்ன ஆனது என்று கேட்பீர்கள். அதில் ஒரு பகுதிதான் இன்று சீட்டன். கடந்த பத்து ஆண்டுக்குள் எழும்பிய புது வீடுகள். எங்கள் சபைக் குடும்பங்களில் சிலவும் அங்கே கடன் எடுத்து வாங்கியிருக்கின்றன. இதை எழுதுவதா விடுவதா என்று எங்களுக்குள்ளே பேசினோம். எழுதத்தான் வேண்டும். 1972இல் ஒரு கமக்காரக் குடும்பம் இழந்த மண்ணில் எங்களில் ஒருவரின் குளியலறையும் வாகனத் தரிப்பிடமும் இருக்கின்றன. வீடு வாங்கியவர் குற்றம் செய்யவில்லை. ஆனால் தெரியாமல் இருப்பதைவிடத் தெரிந்துகொண்டு இருப்பது மேல் என்பது எங்கள் எண்ணம்.

இன்னொரு பகுதி டஃபின்ஸ் ரூஜ் விவசாயக் காப்பகம். அந்தக் காணியை மாகாணம், இது எக்காலமும் விவசாயத்துக்கே என்ற கட்டுப்பாட்டோடு, குத்தகைக்கு இருந்த கமக்காரருக்கு விற்றது. ஒருவழியாக நிம்மதி என்று நினைத்திருக்க, 2022 இறுதியில் அந்தப் பாதுகாப்புச் சட்டத்தை நீக்கி வீடு கட்ட வழிவிட்டார்கள். பெரும் எதிர்ப்பு எழுந்தது. 2023 செப்டெம்பரில் முதல்வர் டக் ஃபோர்ட் தன் முடிவை மாற்றிக்கொண்டார். ஆண்டு முடியுமுன் சட்டம் திரும்ப வந்தது. அந்தப் பத்து மாதத்தில் அங்கே கோதுமை அறுத்தவர்கள் என்ன நினைத்துக்கொண்டு அறுத்திருப்பார்கள் என்று யோசிக்கிறோம்.

விமான நிலையம் வேண்டும் என்றவர்களையும் கெட்டவர்களாக்க நாங்கள் விரும்பவில்லை. குளிர்கால இரவில் பியர்சன்வரை காரோட்டிச் சொந்தக்காரரை அழைத்துவந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். பக்கத்தில் வேலை கிடைக்கும் என்று நம்பியவர்கள் எங்கள் சபையிலும் இருந்தார்கள். எங்கள் குறை வேறு. கட்டுவதென்றால் கட்டியிருக்கலாம், இல்லையென்றால் 1975இலேயே விட்டிருக்கலாம். அந்த இரண்டும் இல்லாமல் ஒரு தலைமுறையின் உழைப்பைத் தூணில் கட்டிய மாடு மாதிரி நிறுத்திவைத்ததுதான் பெரிய தவறு.

சென்ற ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை, எங்களில் ஐந்து பேர் பிரௌமுக்கு வடக்கே போனோம். ஒருவரின் அப்பப்பாவும் வந்தார். கட்டுவனில் தோட்டம் செய்தவர், வயது எண்பத்து மூன்று. மூடிய வீடுகளை நாங்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தோம். அவர் வீட்டைப் பார்க்கவில்லை. வீதியோரம் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து விரலால் உருட்டிப் பார்த்தார்.

"நல்ல மண். எங்கட மாதிரிச் சிவப்பில்லை, ஆனா நல்ல மண். ஆற்றை காணி?"

"அரசாங்கத்தின்ர, அப்பப்பா. செய்யிறவை குத்தகைக்குச் செய்யினம்."

"முந்தி வைச்சிருந்தவையோ?"

"தெரியாது அப்பப்பா. சில இடத்தில அவையின்ர பிள்ளையள் இருக்கினமாம்."

அவர் தலையாட்டினார். வயல் முழுக்க விரலளவு உயரத்தில் பச்சை முளைத்திருந்தது. புல்லோ என்று கேட்டார். குளிர்காலக் கோதுமை என்றோம். பனிக்குக் கீழே கிடந்து, பிறகு எழும்பி ஜூலையில் அறுவடைக்கு வரும் என்று படித்ததைச் சொன்னோம். பனிக்குக் கீழே பயிர் உயிரோடு கிடக்கும் என்பதை அவர் முதலில் நம்பவில்லை. இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். காரில் ஏறிய பிறகு, "அப்ப ஜூலையில ஒருக்கா என்னைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, பாப்பம்" என்றார்.